ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

கோயம்புத்தூர்ச் சீமையில் மோட்டார் வண்டிக்கு உள்ள மரியாதையை நான் தமிழ்நாட்டின் வேறு எந்தப் பகுதியிலும் கண்டதில்லை. பஞ்சாலைகளும் வார்ப்படச் சாலைகளும் பம்புசெட்டுப் பட்டறைகளும் நிறைந்த அந்தப் பிரதேசத்தில், யந்திரத்தைக் கண்டு ஒதுங்கி நிற்காமல், அதன் மூடியைத் திறந்து உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டுமென்ற ஆவல் சாதாரணக் குடியானவருக்கும் உண்டு. ஜி. டி. நாயுடு 1920-ஆம் வருஷம் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, அதைத் தாமே ஓட்டிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம்முடைய போக்குவரத்துத் தொழிலை ஆரம்பித்தார். அந்த ஒற்றைப் பஸ்தான் பிற்பாடு யூ.எம்.எஸ். என்ற பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. அந்தக் காலத்துப் பஸ் நடுவழியில் நின்றால், அதை மறுபடி ஓடவைக்கும் சாமர்த்தியம் ஓட்டுகிறவரிடமே இருந்தாக வேண்டும். அந்தச் சாமர்த்தியத்தின் வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை என்பதைப் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போன ஒரு பிரயாணத்தில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

பொள்ளாச்சியில் என் நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அவருடைய தகப்பனார் காலத்து அம்பாசிடர் கார் ஒன்றை அவர் இன்றைக்கும் விற்காமல் வைத்துப் பேணி வருகிறார். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வண்டியின் அமைப்பைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தரபாராவில் செய்ய ஆரம்பித்து, 2014-ஆம் வருஷம் உற்பத்தி நின்றுபோகும்வரை, வெளித்தோற்றத்தில் அதிக மாறுதல் இல்லாமல் வந்துகொண்டிருந்த வண்டி அது. நண்பருடையது பழைய மாதிரி, 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின், முன்புறம் கிராங்க் ஹேண்டில் செருகுவதற்குத் துவாரம் உள்ளது. மலையேற வேறு வண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது, அந்தக் காரிலேயே போகலாமென்று வற்புறுத்தியவன் நான். நண்பருக்குத் தோப்பில் வேலை இருந்ததால், அவருடைய டிரைவரும் நானுமாக விடியற்காலையில் கிளம்பினோம். டிரைவர் ஐம்பது வயதை எட்டிய நிதானமான மனிதர்; வண்டியைத் தட்டிக் கொடுத்துத்தான் கதவைத் திறப்பார்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்து நான்கு கிலோமீட்டர். ஆழியாறு வரையில் சமதளம். இருபுறமும் தென்னையும், இடையிடையே புளியமரங்களும். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தில் கட்டப்பட்ட அணைக்கட்டு மலையடிவாரத்தில் அகன்று கிடக்கிறது. அதைத் தாண்டி வனத்துறைச் சாவடி. அங்கே பெயரும் வண்டி எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே ஏறினால், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் இலக்கத்தை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பழைய என்ஜின் இரண்டாவது கியரில், அவசரமில்லாத ஒரு கனத்த குரலில் முனகிக்கொண்டு ஏறுவதைக் கேட்கும்போது, புதிய வண்டிகளில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இந்த மலையின் சரிவு எவ்வளவு என்பதே தெரியாமல் போய்விடுகிறதே என்று எனக்குத் தோன்றியது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடம் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கே நின்று பார்த்தால், கீழே ஆழியாற்று நீர்த்தேக்கம் முழுவதும், அதற்கப்பால் பொள்ளாச்சி வட்டாரத்துத் தோப்புகளும் மங்கலான பச்சையாக விரிந்து கிடப்பது தெரியும். சாலையை ஒட்டிய பாறைமேல் இரண்டு வரையாடுகள், மனிதர்களைச் சட்டைசெய்யாமல் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத ஜாதி அது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்தான பாறையில் அவை குளம்பை ஊன்றும் விதத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிப்பதில்லை. ஆனால் மேற்கே மேகம் கறுத்து வந்தது. மழைக்கு முன்னால் அட்டக்கட்டியைத் தாண்டிவிடலாம் என்றார் டிரைவர்.

தாண்ட முடியவில்லை. அட்டக்கட்டிக்குச் சற்று இப்புறமே மழை பிடித்துக்கொண்டது. மலை மழைக்குத் திசை கிடையாது. மேலிருந்து பெய்வதோடு, பள்ளத்தாக்கிலிருந்து காற்றோடு எழும்பி வண்டியின் அடியிலும் புகுந்து அடிக்கிறது. அட்டக்கட்டியைக் கடந்து ஏறும்போது என்ஜினின் குரல் உடைந்தது. சீராக வந்துகொண்டிருந்த சத்தத்தில் இடையிடையே ஒரு வெற்றிடம் விழுந்தது. பிறகு அந்த வெற்றிடங்கள் அதிகமாயின. "மிஸ் அடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் வண்டியை ஓர் அகலமான திருப்பத்தில் ஒதுக்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

மழை சற்றே விட்டதும் அவர் பானெட்டைத் தூக்கினார். வெளியே மூடுபனி சூழ்ந்து பகலே அந்திபோல் மங்கியிருந்ததால், உள்ளே நடந்தது வெளிச்சம் போடாமலே தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த என்ஜினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் மேல் நீலநிறமான மெல்லிய மின்கோடுகள் ஓர் ஒயரின் கழுத்திலிருந்து இன்னொன்றின் கழுத்துக்கு ஊர்ந்து ஊர்ந்து மறைந்தன. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியின் மின்சாரத்தைக் காயில் என்ற பாகம் ஏறத்தாழ இருபதாயிரம் வோல்ட்டாகப் பெருக்கி அனுப்புகிறது. அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம், ஈரம் என்ற சுலபமான பாதை கிடைத்துவிட்டால், பிளக்கின் முனையில் இடைவெளியைத் தாண்டும் சிரமத்தை மேற்கொள்வதில்லை. என்ஜினை நிறுத்திக் கேப்பைக் கழற்றி உட்புறம் பார்த்தபோது, பேக்லைட்டில் தலைமயிர் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கீறல் இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே ஓடியிருந்தது. மின்சாரம் பலமுறை ஓடியோடிக் கரியாக்கிய தடம் அது. துடைத்தாலும் போகாது. நல்ல வேளையாக டிக்கியில், பழைய துணியில் சுற்றிய மாற்றுக் கேப் ஒன்று இருந்தது.

அந்தச் சமயத்தில் மேலிருந்து இறங்கி வந்த ஒரு வேனின் இளைஞர், நாங்கள் நிற்பதைக் கண்டு, கேளாமலே நிறுத்தி இறங்கி உதவிக்கு வந்தார். மலைச்சாலைகளில் இந்தத் தர்மம் இன்னும் இருக்கிறது. ஒருவர் பானெட் திறந்திருந்தால் மற்றவர் நிற்காமல் போவதில்லை. கை துறுதுறுப்பான அந்த இளைஞர், பழைய கேப்பிலிருந்து ஒயர்களை எல்லாம் சரசரவென்று பிடுங்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, புதிய கேப்பில் செருகினார். "ஃபயரிங் ஆர்டர் ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுதானுங்களே?" என்று சிலிண்டர்களில் பொறி விழும் வரிசையைக் கேட்டார், அது சரியே. ஒன்றாம் நம்பருக்கு உரிய துவாரம் எது என்பதை டிரைவர் ஞாபகமாகக் காட்டினார், அதுவும் சரியே. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது; ஆனால் அது பழைய என்ஜினாக இல்லை. வண்டி முழுவதும் குலுங்கியது. கார்புரேட்டரின் வாய் வழியாகப் புஸ்ஸென்று நெருப்பு மூச்சு எதிர்த்து வந்தது. சைலன்சருக்குள் ஒரு வெடி வெடித்தது. கியர் போட்டுக் கிளட்சை விட்டால் ஏற்றத்தில் ஓர் அடி நகராமல் அணைந்துபோயிற்று. இளைஞருக்கு முகம் வாடிவிட்டது. அவருடைய வேனில் சவாரி காத்திருந்ததால், அட்டக்கட்டியில் ஒரு பெரியவர் இருக்கிறார், அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே ஜீப் ஒன்றில் அவரை ஏற்றி அனுப்பியும் வைத்தார்.

வந்த பெரியவர் தேயிலை எஸ்டேட் ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதை மூடிக் கட்டிய மப்ளர். கையில் ஒரு சிறு துணிப்பை. அதற்குள் பிளக் ஸ்பேனரும், ஸ்குரூ டிரைவரும், ஓர் உப்புத்தாளும், டார்ச் விளக்கும்தான். வந்தவுடன் ஒயர்களைத் தொடவில்லை. என்ஜினைச் சில விநாடிகள் ஓடவிட்டுக் கேட்டார். பிறகு ஒன்றாம் நம்பர் பிளக்கின் ஒயரை ரப்பர் மூடியோடு பிடித்து இழுத்தார். என்ஜின் அணையும் நிலைக்குப் போயிற்று. மறுபடி மாட்டிவிட்டு இரண்டாவதை இழுத்தார். எந்த மாறுதலும் இல்லை. மூன்றாவதை இழுத்தார், அப்போதும் இல்லை. நான்காவதை இழுத்தபோது மறுபடி என்ஜின் தள்ளாடியது. "ஒண்ணும் நாலும் வேலை செய்யுது, ரெண்டும் மூணும் சும்மா இருக்குதுங்க" என்றார். டிரைவரைப் பார்த்து, "ஒயரை எல்லாத்தையும் ஒண்ணாப் புடுங்கிட்டீங்களா கண்ணு?" என்று கேட்டார். "ஆமாங்கண்ணா, அந்தப் பையன்தான்…" என்று இழுத்தார் டிரைவர். "பழைய கேப்பையும் புதுக் கேப்பையும் பக்கத்துல பக்கத்துல புடிச்சுக்கிட்டு, ஒண்ணை எடுத்து ஒண்ணு மாத்தியிருந்தா இந்த வேலையே இல்லைங்க. பரவால்ல, பாத்துக்கலாம்."

இரண்டு ஒயர்களையும் மாற்றிச் செருகினால் காரியம் முடிந்துவிடும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் அப்படிச் செய்யவில்லை. கண்ணுக்கு எதிரே ஒருவர் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நிற்கிறார் என்பதைக் கண்டாரோ, அல்லது எந்த வேலையையும் ஆதியிலிருந்து செய்வதே அவருடைய சுபாவமோ, எல்லா ஒயர்களையும் கழற்றி மட்கார்டின் மேல் வரிசையாக வைத்துவிட்டு, ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றினார். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்று. டிரைவர் உட்காரும் பக்கத்துத் தகட்டை ஒட்டியிருப்பது நான்கு. பிளக் இருந்த துவாரத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, கிராங்க் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றும்படி டிரைவரிடம் சொன்னார். ஒரு சுற்று வந்தது, விரல் அசையவில்லை. மேலும் சுற்றியபோது புஸ்ஸென்ற ஓசையோடு காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியேறியது. "நீங்களும் வெச்சுப் பாருங்க" என்று எனக்கு இடம் விட்டார். எண்ணெய் படிந்த அந்தத் துவாரத்தில் விரலை வைத்தேன். பிஸ்டன் ஏறுவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், உள்ளிருந்து ஓர் உயிருள்ள பலம் விரலை உந்தித் தள்ளியதை என் கை இன்னும் மறக்கவில்லை.

அந்த உந்துதலின் அர்த்தத்தை அவர் விளக்கியபோதுதான், பல வருஷங்களாகக் காதில் விழுந்தும் மனத்தில் பதியாதிருந்த ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு காரியங்களைச் செய்கிறது: பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது, அதை நசுக்குகிறது, நெருப்புப் பட்டு விரியும் அந்தக் கலவையால் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, பின்னர் புகை வெளியேறுகிறது. இவை நான்கும் நடந்து முடிவதற்குக் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே பிஸ்டன் மேல் முனைக்கு இருமுறை வருகிறது. ஒருமுறை நசுக்கிக்கொண்டு, மற்றொருமுறை புகையைத் தள்ளிக்கொண்டு. புகையைத் தள்ளும்போது வால்வு திறந்திருப்பதால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. நசுக்கும்போது இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் விரல் எகிறும். புல்லியில் வெட்டியிருக்கும் காடி, டைமிங் கவரின் கூர்முனைக்கு நேரே இரண்டு முறையும்தான் வருகிறது. அவற்றில் எது மெய்யானது என்று விரல் ஒன்றே சாட்சி சொல்லும். பெரியவர் குனிந்து டார்ச் அடித்து, காடி முனைக்கு நேரே வரும் இடத்தில் ஹேண்டிலை நிறுத்தச் சொன்னார். பிறகு திறந்திருந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டினார். அதனுள் சுழலும் ரோட்டாரின் பித்தளை நாக்கு எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறதோ, கேப்பில் அந்த இடத்தில் அமையும் துவாரமே ஒன்றாம் நம்பர். அங்கே முதல் ஒயர்.

"இனி எந்தப் பக்கமாப் போறதுங்கறதுதான் கேள்வி. அதையும் வண்டிகிட்டயே கேப்போம்" என்றார். ஹேண்டிலை இன்னும் சிறிது சுற்றச் சொன்னார். ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிரான திசையில், அதாவது அப்பிரதட்சிணமாக நகர்ந்தது. அந்தத் திசையிலேயே அடுத்த துவாரத்தில் மூன்றாம் நம்பர் ஒயர், அதற்கடுத்து நான்கு, அதற்கடுத்து இரண்டு. இளைஞர் பிரதட்சிணமாகப் போட்டிருந்தார். ஒன்றிலிருந்து புறப்பட்டு எந்தப் பக்கமாகப் போனாலும் எதிரே இருப்பது நான்குதான். ஆதலால் ஒன்றும் நான்கும் தத்தம் இடத்திலேயே விழுந்துவிட்டன. இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறிவிட்டன. ரோட்டார் வலமாகச் சுற்றும் வண்டிகளில் பழகிய கை அது. மனப்பாடத்தில் பிசகில்லை; எந்த வட்டத்தில் எந்தப் பக்கமாக என்ற பாதி விஷயம்தான் விடுபட்டுப்போயிற்று.

ஏன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நேரே போகக்கூடாது என்று கேட்டேன். அவர் மண்ணில் குச்சியால் கிராங்க் ஷாஃப்டை வரைந்தார். நான்கு சிலிண்டர் என்ஜினில் முதல் பிஸ்டனும் நான்காவதும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இரண்டும் மூன்றும் அவற்றுக்கு எதிராகச் சேர்ந்து இறங்கி ஏறும். இரண்டு சுற்றுக்கு 720 டிகிரி; அதற்குள் நான்கு நெருப்புகள் சமமான இடைவெளியில் விழ வேண்டுமானால், 180 டிகிரிக்கு ஒன்று. ஒன்றாம் நம்பரில் நெருப்பு விழுந்து அரைச் சுற்று ஆனபின் மேலே வந்து நிற்பவை இரண்டும் மூன்றும்தான்; ஆகவே அடுத்த முறை அந்த இரண்டில் ஒன்றுக்கு. அதற்கும் அடுத்த அரைச் சுற்றில் மறுபடி ஒன்றும் நான்கும் மேலே வரும். ஒன்றுக்கு இப்போதுதான் முடிந்ததால் முறை நான்குக்கு. கடைசியில் மீந்து நிற்பது மற்றொன்று. ஆக, இந்த அமைப்புள்ள என்ஜினுக்குச் சாத்தியமான கிரமங்கள் இரண்டே: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு, அல்லது ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற பள்ளிக்கூட வரிசைக்கு அந்த ஷாஃப்டின் வடிவமே இடம் கொடுப்பதில்லை. யாரோ ஒரு நிபுணர் மேஜையில் உட்கார்ந்து விதித்த இலக்கம் என்று நான் நினைத்திருந்தது, இரும்பை வளைத்த விதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டபோது எனக்கு உண்டான ஆனந்தம் சாமானியமானதன்று. ஒரே உரலில் பல பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை இளமையில் பார்த்திருக்கிறேன். ஓர் உலக்கை ஏறும்போது மற்றொன்று இறங்க வேண்டும். முறை தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும்.

இங்கே மோதுவது நெருப்பு. மூன்றாவது சிலிண்டருக்கு உரிய பொறி இரண்டாவதற்குப் போய்விட்டால், அந்தச் சமயம் இரண்டாவது சிலிண்டர் சரியாக ஒரு முழுச் சுற்றுத் தள்ளி, புகை வெளியேற்றும் வேலை முடிந்து, உறிஞ்சும் வேலை தொடங்கும் சந்தியில் நிற்கும். உள்வாங்கும் வால்வு அப்போது திறக்க ஆரம்பித்திருக்கும். முன்பு எரியாமல் தங்கிய கலவையில் பொறி விழுந்தால், தீ அந்தத் திறப்பு வழியாகத்தான் பின்னோக்கி ஓடும். கார்புரேட்டர் வழியாக நெருப்பு மூச்சு வந்தது அதனாலேதான். எரியாமல் சைலன்சருக்குப் போன பெட்ரோல் அங்கே சூடு கண்டு வெடித்தது. நான் கேட்ட இரண்டு சத்தங்களுக்கும் இப்படி விளக்கம் கிடைத்தது. ஒயர்கள் அனைத்தும் ஒரு துவாரம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஸ்டார்ட்டே ஆகாதுங்க. பிஸ்டன் அடியில நிக்கறப்ப கரண்ட் வந்தா என்ன பிரயோசனம்?" என்றார்.

பெரியவர் ஒயர்களைச் செருகும்போது, ஒவ்வொன்றும் 'டக்' என்று அடியில் உட்காரும் ஓசை கேட்கிறவரையில் அழுத்தினார். ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடாதபடி பிரித்து, சைலன்சர் குழாயின் சூடு படாமல் விலக்கி வைத்தார். இந்த ஜாக்கிரதை வெறும் அழகுக்காக அன்று. அமெரிக்காவில் 1955-ஆம் வருஷம் வெளிவந்த செவ்ரோலே எட்டு சிலிண்டர் என்ஜினின் கிரமம் ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு, ஐந்து, ஏழு, இரண்டு. அதில் ஐந்தும் ஏழும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. அந்த இரண்டின் ஒயர்கள் நெடுந்தூரம் ஒட்டி ஓடினால், ஒன்றில் பாயும் மின்சாரம் மற்றொன்றிலும் தூண்டப்பட்டு, ஏழாவதில் அகாலத்தில் பொறி தட்டும். அதனால் அவற்றைத் தனியே பிரித்துக் கொண்டுபோக வேண்டுமென்று அந்த என்ஜினை அறிந்தவர்கள் சொல்வார்கள். அதே நாட்டு ஃபோர்டு கம்பெனியின் சிறிய எட்டு சிலிண்டர் என்ஜின்களில் கிரமமும் வேறு, ரோட்டார் சுற்றும் திசையும் வேறு. 1908 முதல் 1927 வரையில் ஒன்றரைக் கோடி வண்டிகளாகப் பெருகிய ஃபோர்டின் டி மாடல், நான்கு சிலிண்டருக்குச் சாத்தியமான இரண்டு கிரமங்களில் மற்றதையே எடுத்துக்கொண்டது: ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. அம்பாசிடரை மட்டும் அறிந்த மெக்கானிக் ஒருவர் டி மாடலின் முன் போய் நின்று, தம் மனப்பாடத்தை நம்பி ஒயர் மாட்டினால், எங்கள் திருப்பத்தில் நடந்ததேதான் அங்கும் நடக்கும்.

என்ஜின் முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. குரல் பழையபடி கனத்து, சீராக வந்தது. என்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று என்ற வேகத்தில் ஓடும்போது அந்தச் சிறிய ரோட்டார், விநாடிக்கு நூறு பொறிகளை, ஒன்றும் இடம் மாறாமல் நான்கு வாசல்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது என்பதை நினைத்தால், பொள்ளாச்சியிலிருந்து அதுவரை நாங்கள் வந்த தூரத்துக்கு அது செய்த வேலை எவ்வளவு என்பதைக் கணக்கிடவே மனம் மலைக்கிறது.

பெரியவருக்கு ரொட்டிக்கடை என்ற ஊரில் ஒரு வேலை இருந்ததால் எங்களோடு ஏறிக்கொண்டார். வாட்டர்ஃபால் எஸ்டேட்டைத் தாண்டியதும் இருபுறமும் தேயிலை. கத்தரித்து மட்டம் செய்த அந்தப் பச்சை, தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கம்பளமாகத் தோன்றலாம். அருகே போனால், ஒவ்வொரு செடிக்கும் நடுவே ஒரு பெண் கூடையைச் சுமந்து நுழைந்து போகும் ஒற்றையடித் தடம் தெரியும். காட்டை அழித்து இந்தத் தோட்டங்களை உண்டாக்கச் சமவெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட கூலிமக்கள் பட்ட பாட்டை, இங்கே மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதியிருக்கிறார். 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. இந்தச் சாலையில் சுகமாக உட்கார்ந்து போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. பெரியவருடைய பாட்டனாரும் அப்படி நடந்து ஏறி வந்தவர்தானாம்.

கவர்க்கல்லில் மூடுபனி வண்டியின் மூக்கைக்கூட மறைத்தது. ஆனைமலைத் தோட்டங்களுக்கு முன்னோடியான கார்வர் மார்ஷின் சிலை அங்கே இருக்கிறது. பனியில் அதன் உருவரை மட்டும் தெரிந்தது. எதிரே வந்த அரசாங்கப் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றபோது பெரியவர் சொன்னார்: "இதுல பிளக் ஒயரே கிடையாதுங்க, டீசல். ஆனா ஆறு சிலிண்டர் இருந்தா அதுக்கும் ஒரு முறை உண்டு. ஒண்ணு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு." டீசல் என்ஜினில் பொறிக்குப் பதிலாக எண்ணெயே அந்த முறைப்படி பம்பிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகப் போய்ச் சேர்கிறது. மாருதி 800 வண்டியில் மூன்றே சிலிண்டர். அதன் கிரமம் ஒன்று, மூன்று, இரண்டு. இந்த இலக்கங்களையெல்லாம் அவர் மனப்பாடமாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஷாஃப்ட் எப்படி வளைந்திருக்கிறது என்று கையால் காற்றில் வரைந்தும் காட்டினார்.

இப்போது வரும் பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயிலைப் பொருத்தி, எப்போது எதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டுமென்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. நீண்ட ஒயரும் இல்லை, இடம் மாறுவதற்கு வழியும் அநேகமாக இல்லை. அது முன்னேற்றம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வண்டிகளிலும் நான்கு சிலிண்டர் ஷாஃப்ட் அப்படியேதான் வளைந்திருக்கிறது. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு அப்படியேதான் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் மூடிக்குள் போய்விட்டது. அந்த வேன் இளைஞரைப் போன்ற ஆர்வமுள்ளவர்களுக்கு, பழைய என்ஜின் ஒன்றையாவது தொழிற்பள்ளிகளில் வைத்து, ஹேண்டிலைச் சுற்றி, கட்டைவிரலை வைத்துப் பார்க்கும் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஐயர்பாடியைத் தாண்டி ரொட்டிக்கடையை அடைந்தபோது மழை முற்றும் விட்டிருந்தது. டிரைவர் கொடுக்க முனைந்த பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வால்பாறையில் நல்ல கேப் ஒன்று வாங்கிக்கொள்ளும்படியும், ஒன்றாம் நம்பர் துவாரத்தின் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டும், ரோட்டார் சுற்றும் பக்கமாக ஓர் அம்புக்குறியும் போட்டு வைக்கும்படியும் சொன்னார். தேநீர்க் கடையின் ஓரத்தில் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று பானெட் திறந்து நின்றது. அதன் சொந்தக்காரர் ஓடிவந்து, "அண்ணா, ஒயரெல்லாம் கழட்டி வெச்சிருக்கேன், நீங்க மாட்டுனாப் போதும்" என்றார். "அது இருக்கட்டும் கண்ணு, மொதல்ல ஹேண்டிலை எடு" என்று சொல்லிக்கொண்டே பெரியவர் பையிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்தார்.